மெமரி மலிவுதான், அதற்காக?

“இப்ப மெமரிதான் மலிவாச்சே, ஏன் பிட் பிட்டாக எண்ணிக்கொண்டு இருக்கிறாய்?” கோடிங் பழகும் நம் வயதுக்காரர்கள் அடிக்கடி சொல்லும் வசனம் இது. கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். செஸ் பலகையை வைத்தே பதில் சொல்கிறேன்.

ஒரு செஸ் நிலையைச் சேமிக்கச் சொன்னால் பெரும்பாலோர் என்ன செய்வோம்? 64 கட்டங்களுக்கு 64 முழு எண்கள். ஒன்றுக்கு 4 பைட் என்றால் 256 பைட். ஒரு பலகைக்கு இது பெரிதல்ல. ஒரு கோடி நிலைகளைச் சேமித்துப் பாருங்கள்: 2.56 ஜிகாபைட்!

இனிக் கொஞ்சம் யோசிப்போம். கட்டத்தில் காய் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல ஒரு பிட் போதும். 64 கட்டங்களுக்கு 8 பைட். காய்கள் மொத்தம் 12 வகை. ஒரு காய்க்கு 4 பிட் கொடுத்தால், அதிகபட்சம் 32 காய்களுக்கு 16 பைட். ஆக 24 பைட். அதே ஒரு கோடி நிலைகள் 240 மெகாபைட்டில் அடங்கிவிடும்.

“சரி, இடம் மிச்சம். அவ்வளவுதானே?” இல்லை. 4 பிட்டில் 16 குறியீடுகள் உண்டு. 12 போக 4 மிச்சம். அவற்றை என்ன செய்வது என்று யோசிக்கும்போதுதான், பலகையின் படம் மட்டும் செஸ் நிலை ஆகாது என்பது உறைக்கும். காஸ்லிங் உரிமை இன்னும் உள்ள வெள்ளை யானைக்கு ஒன்று, கறுப்பு யானைக்கு ஒன்று. இப்போதுதான் இரண்டு கட்டம் தாவி, ஆன் பசானில் வெட்டப்படக்கூடிய சிப்பாய்க்கு ஒன்று. அடுத்து ஆட வேண்டியது கறுப்பு என்றால் கறுப்பு ராஜாவுக்கு ஒன்று. 256 பைட்டை வாரி இறைத்த அந்தப் பட்டியலில் இவற்றில் ஒன்றுகூட இல்லை! 50 நகர்வு விதிக்கான எண்ணிக்கையும் வேண்டுமா? இன்னும் ஒரு பைட் சேருங்கள், போதும்.

பெரிய அளவில் பாருங்கள். 7 காய்கள் வரையிலான இறுதியாட்டங்களுக்கு லொமொனோசொவ் தரவுத்தளம் சுமார் 140 டெராபைட். பின்னர் வந்த சிசிஜி சுமார் 18 டெராபைட். முன்னது மேட்டுக்கு எத்தனை நகர்வு என்று எழுதி வைக்கிறது. பின்னது வெற்றியா, தோல்வியா, சமனா என்பதையும், 50 நகர்வுக் கணக்கு மறுபடி பூஜ்யமாக இன்னும் எவ்வளவு தூரம் என்பதையும் வைக்கிறது. சுருக்கும் முறை மட்டுமல்ல, எதைச் சேமிப்பது என்ற கேள்வியும் மாறியது.

எல்லா இடத்திலும் சுருக்கு என்று நான் சொல்லவில்லை. நகர்வுகளைத் தேடும்போது பல என்ஜின்கள் காய் வகைக்கு ஒரு 64 பிட் எண் என்று பிட்போர்ட் வைத்துக்கொள்கின்றன. 12 வகைக்கு 96 பைட். அங்கே வேகம் முக்கியம். அதுவும் யோசித்து எடுத்த முடிவுதான்.

யோசிக்காமல் இருப்பதற்கு “மெமரி மலிவு” என்பதைச் சாக்காகச் சொல்வதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மெமரியைக் கடையில் வாங்கலாம். நீங்கள் சேமிக்க மறந்த காஸ்லிங் உரிமையை எந்தக் கடையில் வாங்குவீர்கள்?