பெயரறியா மரங்கள்

எங்கள் சுன்னாகத்து வளவின் கோடிப்புறத்தே, யாரும் நடாமல் தாமே முளைத்து ஓங்கிய மரங்கள் இரண்டு உள. 'ஐயா, இவை என்ன மரங்கள்?' என்று மாணவன் ஒருவன் வினவினான். பிராசீன பாடசாலையிலே கால் நூற்றாண்டாக நிகண்டு கற்பித்துவரும் யான் விடையின்றி நின்றேன். ஆட்டுக்குக் குழை ஒடிக்க வந்த அயல்வீட்டு மூதாட்டி ஒரு கிளையை முறித்து, உள்ளே தெரிந்த மஞ்சள் நிறத்தைக் காட்டி, 'இது மஞ்சவண்ணா எல்லே, பண்டிதர்!' என்றார்.

மஞ்சவண்ணாவே நூல்வழக்கில் நுணா. சங்கப் புலவர் கூறும் நுணவம். அச்சொல்லுக்கு எத்தனை வகுப்புகளிற் பொருள் உரைத்திருப்பேன்! உரைத்த பொருளோ 'ஒருவகை மரம்' என்பதே.

நிகண்டின்மேற் குறை கூறுதல் தகாது. மரப்பெயர்த் தொகுதி, மரத்தை முன்னரே அறிந்தவனுக்கு அதன் மறுபெயர்களைத் தருவது. அறியாதவனுக்கு மரத்தைக் காட்டுதல் அதன் தொழிலன்று. அதனை மனனஞ் செய்த பழைய மாணாக்கர், புகையிலைத் தோட்டத்துக்குக் குழை தாழ்த்தவர். வீட்டில் ஆடு வளர்த்தவர். இன்று சூத்திரம் எஞ்சியிருக்க, பழக்கம் ஒழிந்தது. 1995 ஐப்பசியில் வலிகாமம் முழுதும் இடம்பெயர்ந்து, மறு ஆண்டு சித்திரை முதலாக மீண்டபோது, பல வளவுகளுக்கு உரியவர் வந்திலர். பறவை இட்ட வித்து அங்கே மரமாயிற்று. பெயர் சொல்லவல்லவர் கடல் கடந்தனர்.

பெயரை மாத்திரம் நம்புதலும் இடர் தரும். தணக்கு என்னும் பெயரை அகராதி நுணாவுக்கும் தரும். வேறொரு மரத்துக்கும் தரும். கிளுவை நம் நாட்டது, சீமைக்கிளுவையோ நடு அமெரிக்காவினின்று வந்தது, இரண்டும் உறவல்ல. குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் அடுக்கிய பூக்களுள் எத்தனையை நாம் துணிந்து சுட்டிக்காட்டவல்லோம்?

நுணாவின் இலைகள் எதிரெதிராய் நிற்பன. பட்டை தடித்து வெடித்தது. பூ மல்லிகைபோல் வெண்மையும் மணமும் உடையது. காயோ பல காய்கள் ஒன்றாய் ஒட்டினாற் போன்றது, பழுத்தாற் கறுக்கும். இவற்றைக் கையால் தொட்டறிந்த மாணவனுக்கு நுணவம் என்னும் சொல் பின்னர் மறக்குமோ? ஆதலின் நிகண்டுப் பாடம் வளவிலே தொடங்குதல் வேண்டும் என்பேன். பரீட்சைக்கு இது உதவாது என்பார் உளர், உதவாதுதான். ஆயினும், இலக்கியச் சொல்லகராதி தொகுத்த குமாரசுவாமிப் புலவர் (1854–1922) வாழ்ந்த இவ்வூரிலே, மரங்கள் பெயரிழந்து நிற்பது நமக்கு நாணமன்றோ?

1753இல் தாவரங்களை முறைப்பட வகுத்து நூல் செய்த சுவீடன் நாட்டு இலின்னேயசும் பூவின் உறுப்புகளை எண்ணியே வகுத்தார். மற்றைய மரம் இன்னும் பூக்கவில்லை. வேலிக்கு இடையூறென வீட்டார் வெட்டச் சொல்கின்றனர். ஒருமுறை பூக்கட்டும் என்று தடுத்து வைத்திருக்கிறேன்.