அடுப்படிப் பக்கம்: 350 என்றால் எந்த 350?



சென்ற மாதம் வந்த கடிதங்களுள் ஒன்று முல்லைத்தீவுப் பக்கத்துச் சகோதரி ஒருவருடையது. ஷெல் காயத்திற்குப் பின் அவருடைய வலது கை சரியாக இயங்குவதில்லை. காலையில் கட்லற்றும் றோல்ஸும் செய்து சந்திக் கடைக்குக் கொடுத்துப் பிழைக்கிறார். கொதிக்கும் எண்ணெய்த் தாச்சியை ஒற்றைக் கையால் இறக்கப்போய் ஒருநாள் காலில் கொட்டிவிட்டதாம். அதைக் கேள்விப்பட்டு லண்டனில் இருக்கும் தம்பி ஒரு எயர் பிறையர் வாங்கி அனுப்பியிருக்கிறார். கூட வந்த புத்தகத்தில் கோழிக்கும் சிப்ஸுக்கும்தான் நேரம் போட்டிருக்கிறது, எங்கள் சாப்பாடு ஒன்றும் இல்லை என்கிறார். இரண்டு நாள் கட்லற் வெளியே கறுத்து உள்ளே குளிர்ந்து கிடந்ததால் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். எதை எத்தனை பாகையில், எவ்வளவு நேரம் வைப்பது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறார்.

இந்தக் கேள்வியைக் கேட்கும் முழுத் தகுதியும் எனக்கும் ஒருகாலத்தில் இருந்தது. என்னுடைய முதல் கச்சான் கதையைச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் இருக்கும் அண்ணாவின் மகளிடம் தொலைபேசியில் கேட்டேன். "மாமி, 350 இல் பத்து நிமிசம் வையுங்கோ" என்றாள். என்னுடைய மெசினில் ஆகக் கூடியது 200 தான். சரி, 350 இல்லாவிட்டால் இருப்பதில் கூடியதையாவது வைப்போம் என்று 200 இல் திருப்பிவிட்டுத் துணி காயப்போடப் போனேன். திரும்பி வந்தபோது வீடு முழுக்கப் புகை. அரைக் கிலோ கச்சானும் கரி. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓடிவந்து, "அன்ரி, என்ன எரியுது?" என்று கேட்டது இன்னும் காதில் நிற்கிறது.

அவள் சொன்னது பரனைற் கணக்கு, என் மெசினில் இருந்தது செல்சியஸ் கணக்கு. கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டுச் சமையலுக்குப் பரனைற்றைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். அதைச் செல்சியஸாக்க, சொன்ன எண்ணில் 32 ஐக் கழித்து, வருவதை 5 ஆல் பெருக்கி, 9 ஆல் வகுக்க வேண்டும். 350 இல் 32 போனால் 318. அதை 5 ஆல் பெருக்கினால் 1590. 9 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 177. அதாவது 180 என்று வைத்துக்கொள்ளலாம். கணக்குப் பார்க்கப் பஞ்சியாக இருந்தால் கொப்பியின் முதல் பக்கத்தில் இப்படி எழுதி வையுங்கள்: 300 என்றால் 150, 325 என்றால் 160, 350 என்றால் 180, 375 என்றால் 190, 400 என்றால் 200. எல்லாம் கிட்டத்தட்டத்தான், ஆனால் சமையலுக்குப் போதும். மெசினில் 200 இற்கு மேல் எண் இருந்தால் அது பரனைற்றாக இருக்கலாம். எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள எழுத்தைப் பாருங்கள்.

இனி, மெசின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். இந்தச் சாமானைப் பிலிப்ஸ் நிறுவனம் 2010 இல் அறிமுகப்படுத்தியது. பெயர்தான் பொரிப்பது, உண்மையில் இது ஒரு சின்ன வெதுப்பிதான். மேலே ஒரு சூடாக்கும் சுருள், அதற்கு மேலே ஒரு விசிறி. சூடான காற்று வேகமாகச் சுற்றிவந்து சாப்பாட்டின் தோலை உலர்த்துகிறது. தோலில் ஈரம் இருக்கும்வரை அது 100 பாகையைச் சுற்றியே நிற்கும், சிவக்காது. ஈரம் போய், சூடு 140 அளவுக்கு ஏறிய பிறகுதான் சிவந்து மொறுமொறுப்பாகும். அதனால்தான் மீன் துண்டை, உருளைக்கிழங்கைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு வைக்கச் சொல்கிறார்கள். எண்ணெய் சூட்டைக் கடத்துகிற வேகம் காற்றுக்கு இல்லை. ஆகவே தாச்சியில் நான்கு நிமிடத்தில் பொரிவது இதில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் எடுக்கும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் தோல் கருகும், உள்ளே அப்படியே இருக்கும்.

சகோதரியின் கட்லற்றுக்கு நடந்தது அதுதான். அவர் 200 இல் வைத்திருக்கிறார், அதுவும் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு.

ஒரு புதுச் சாமானை வைக்க முன் நான் என்னையே கேட்கும் முதற் கேள்வி, உள்ளே இருப்பது ஏற்கெனவே வெந்ததா, பச்சையா என்பது. கட்லற்றின் உள்ளே இருக்கும் கிழங்கும் மீனும் வெந்தவை. உள்ளே சூடு ஏறி வெளியே சிவந்தால் போதும், 180 பாகை, 10 முதல் 12 நிமிடம், பாதியில் ஒருமுறை திருப்பல். றோல்ஸும் அப்படியே. ரஸ்க் தூளுக்கு மேல் எண்ணெய் பூசினால் சில இடம் வெள்ளையாக நின்றுவிடும். அதைவிட, தூளில் முதலே ஒன்றிரண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டுப் பிசறி, பிறகு கட்லற்றை அதில் புரட்டுங்கள். நிறம் ஒரே சீராக வரும். கடைக்குக் கொடுப்பவர்களுக்கு நிறம் முக்கியம் அல்லவா?

பச்சையாக உள்ளது என்றால் அதன் தடிப்புத்தான் நேரத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு விரல் தடிப்புள்ள பாரை மீன் துண்டுக்கு 190 இல் 10, 12 நிமிடம் காணும். கோழிக்கால் 190 இல் 20 முதல் 25 நிமிடம் வரை போகும். கோழியில் மட்டும் மனக்கணக்கு வேண்டாம். எலும்புக்குப் பக்கத்தில் கத்தியால் குத்தினால் வருகிற சாறு தெளிவாக இருக்க வேண்டும், இறைச்சியில் ரோசா நிறம் இருக்கக் கூடாது. சமையல் வெப்பமானி இருந்தால் தடித்த இடத்தில் 74 பாகை காட்ட வேண்டும். இடையில் கரண்ட் போய்விட்டால், வரும்வரை அரை வேக்காட்டில் கோழியை உள்ளே வைத்திருக்காமல், எடுத்து அடுப்பில் கறியாக்கி முடித்துவிடுங்கள்.

சமையல் புத்தகத்தில் கேக் அவனுக்குச் சொன்ன கணக்கு இருந்தால் அதிலிருந்தும் இறங்கி வரலாம். சூட்டில் 20 பாகை குறையுங்கள், நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறையுங்கள். 200 இல் 25 நிமிடம் என்றிருந்தால் இதில் 180 இல் 20 நிமிடம். ஆனால் பதினைந்தாவது நிமிடத்தில் இழுத்துப் பார்த்துவிட வேண்டும். திறந்தால் கெட்டுவிடும் என்று பயப்படத் தேவையில்லை. நான் புதிதாக எதைச் செய்தாலும் பாதி நேரத்தில் ஒருமுறையும், முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது ஒருமுறையும் பார்ப்பேன். பற்றீஸ் போன்ற பச்சை மா உள்ள சாமானுக்கு இந்த வழிதான் சரி. எனக்கு அது 180 இல் 14 நிமிடத்தில் வருகிறது. உங்கள் மெசினில் முன்பின்னாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குணம்.

ஒரு விஷயத்தில் நான் ஏமாந்தேன். ஒரேயொரு கட்லற்றை வைத்துப் பரீட்சை பார்த்தேன், எட்டு நிமிடத்தில் அழகாக வந்தது. பிறகு பத்தை வைத்து அதே எட்டு நிமிடம் விட்டேன், வெளுத்துப்போய் இருந்தது. கூடை நிறைய நிறையக் காற்று சுற்ற இடமில்லாமல் நேரம் கூடும். அதனால் நீங்கள் வழக்கமாக வைக்கப்போகும் அளவிலேயே பரீட்சை பாருங்கள். ஒன்றுக்கு மேல் ஒன்று அடுக்காமல் ஒரே தட்டாக, இடையில் ஒரு விரல் இடைவெளி விட்டு வையுங்கள்.

கச்சானுக்கு இப்போது நான் வைப்பது 160 இல் 8 முதல் 10 நிமிடம், மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை குலுக்கல். வெளியே எடுத்த பின்னும் உள்சூட்டில் அது வறுபட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே சரியான நிறம் வருவதற்குச் சற்று முன்பே எடுத்து அகலத் தட்டில் கொட்டிவிடுங்கள். உருளைக்கிழங்கை நீட்டாக வெட்டி அரை மணித்தியாலம் தண்ணீரில் ஊறவிட்டு, துடைத்து, கொஞ்சம் எண்ணெய் தடவி 190 இல் 15 முதல் 20 நிமிடம். பொன்னிறத்தோடு நிறுத்துங்கள், கறுக்கவிடுவது உடம்புக்கும் நல்லதல்ல. கத்தரிக்காய் வட்டங்களுக்கு 180 இல் 12, 15 நிமிடம். கடலை வடை, மாவைக் கெட்டியாகப் பிசைந்து இரு பக்கமும் எண்ணெய் பூசினால் ஒருவாறு வரும். உளுந்து வடையை மறந்துவிடுங்கள், தண்ணீர் மா கூடையின் ஓட்டையால் வழிந்து ஒட்டிக்கொள்ளும். பஜ்ஜியும் அப்படித்தான். அப்பளம் காற்றில் பறந்து மேலே சுருளில் ஒட்டி எரியும், மேலே ஏதாவது பாரம் இல்லாமல் வைக்காதீர்கள். முறுக்கு தாச்சியில் பொரித்தால்தான் முறுக்கு. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

திருகும் மெசின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சங்கதி. நேரச் சுழலியைப் பத்து நிமிடத்துக்குக் கீழே நேரடியாகத் திருப்பினால் சிலவேளை சரியாக ஓடாது. இருபது வரை திருப்பி, பிறகு வேண்டிய இடத்திற்குப் பின்னோக்கிக் கொண்டு வாருங்கள். கைத்தொலைபேசியிலும் மணி வைத்துவிடுங்கள். கண் பார்வை குறைந்த சகோதரி ஒருவர், 180 என்ற இடத்தில் நகப்பூச்சால் ஒரு தடித்த பொட்டும், 160 இல் இரண்டு பொட்டும் வைத்துக் காயவிட்டு, விரலால் தடவியே சூட்டை வைக்கிறார். நல்ல யோசனை.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் நாட்டு மின்சாரம் 230 வோல்ற். லண்டன், சுவிஸ், பிரான்ஸ், ஜேர்மனியிலிருந்து வருபவை இங்கே ஓடும், பிளக்கின் உருவம்தான் மாறலாம். கனடாவிலிருந்து வருவது 120 வோல்ற்றுக்குச் செய்தது. நேரே குத்தினால் அந்தக் கணத்திலேயே எரிந்துபோகும். அதற்கு 2000 வாற்றுக்குக் குறையாத பெரிய டிரான்ஸ்போமர் வேண்டும், அந்தச் செலவு வீண். கனடாவில் உள்ள சகோதரங்கள் அனுப்பக் கேட்டால், சாமானுக்குப் பதிலாகக் காசை அனுப்பச் சொல்லுங்கள். மெசினின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டில் வோல்ற்றும் வாற்றும் எழுதியிருக்கும். 1500 வாற் என்றால் ஏறக்குறைய 6.5 அம்பியர் இழுக்கும். வீட்டுத்திட்ட வீடுகளிலும் பழைய வீடுகளிலும் லைற்றுக்கும் பானுக்கும் போட்ட 5 அம்பியர் சொக்கெற் அதைத் தாங்காது. மல்ரி பிளக்கும் மெல்லிய நீட்டு வயரும் உருகித் தீப்பிடிக்கும். 13 அல்லது 15 அம்பியர் சொக்கெற்றில், எர்த் உள்ள மூன்று முள் பிளக்கில் மட்டும் குத்துங்கள். பின்பக்கம் ஒரு சாண் இடம் விடுங்கள், கிடுகுத் தட்டிக்கும் திரைச்சீலைக்கும் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

செலவு எவ்வளவு? 1500 வாற் மெசின் இருபது நிமிடம் முழுமூச்சில் ஓடினால் அரை அலகு. ஒவ்வொரு நாளும் என்றால் மாதத்திற்கு 15 அலகு. ஐம்பது அலகு செலவழிக்கும் வீடு 65 இற்குப் போய்விடும். 60 அலகுக்குள் நிற்கும் வீட்டிற்கு ஒரு கணக்கும் அதைத் தாண்டிய வீட்டிற்கு வேறு கணக்குமாக 2022 இற்குப் பின் வந்த கட்டணப் பட்டியல்களில் பார்த்திருப்பீர்கள். கட்டணம் அடிக்கடி மாறுவதால் உங்கள் கடைசிப் பட்டியலை எடுத்து வைத்துப் பாருங்கள். ஒரு கட்லற்றில் கிடைக்கும் இலாபத்தையும் எண்ணெயில் மிச்சமாகும் காசையும் ஒரு பக்கம் எழுதி, இந்தக் கூடுதலை மறுபக்கம் எழுதுங்கள். விறகு சும்மா கிடைக்கும் வீட்டில், எண்ணெய்ச் சட்டியைப் பிடிக்கக் கூடிய கை இரண்டும் இருந்தால், இந்த மெசின் இலாபம் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் முல்லைத்தீவுச் சகோதரிக்குக் கணக்கு வேறு.

சகோதரி, நாற்பது பக்கக் கொப்பி ஒன்றை மெசினுக்குப் பக்கத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். திகதி, சாமான், எத்தனை, எத்தனை பாகை, எத்தனை நிமிடம், எப்படி வந்தது என்று எழுதுங்கள். ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சூட்டை மாற்றினால் அன்று நேரத்தில் கைவைக்க வேண்டாம், இரண்டையும் சேர்த்து மாற்றினால் எதனால் சரிவந்தது என்று தெரியாது. நாளைக்கு 180 இல் மூன்று நிமிடம் மெசினை வெறுமையாக ஓடவிட்டு, குளிர் போன கட்லற் எட்டை வைத்து, பன்னிரண்டு நிமிடம் பாருங்கள். ஒன்றை நடுவே பிட்டு விரல் வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு கடைக்கு அனுப்புங்கள். என்ன நடந்தது என்று எழுதுங்கள். கொப்பிப் பக்கத்தைப் பிரதி எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது.