விலையில்லாப் பொருளின் விலை

“ஒளிப்பதற்கு என்னிடம் எதுவுமில்லை, எவர் பார்த்தாலென்ன?” என்று கேட்போர் நம் மத்தியிற் பெருகிவிட்டனர். படித்தோர் வாயிலிருந்தே இவ்வினா அதிகம் எழுகின்றது. மேலோட்டமாக நோக்குங்கால் இது நேர்மையின் குரலாகத் தோன்றும். ஊன்றி நோக்கின், அடிமைத்தனத்திற்கு நாமே வழங்கும் நற்சான்றிதழேயன்றி வேறன்று.

வளவுக்கு வேலி அடைப்பவன் எல்லாம் களவாடியதை ஒளிப்பவனா? பிறர் இல்லத்துள் அனுமதியின்றி நுழையலாகாது எனத் திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயம் விதிக்கின்றது. துருவித் துருவி உளவறிவதை 49ஆம் அத்தியாயம் விலக்குகின்றது. அயலவர் வாசலில் ஸலாம் கூறி அனுமதி வேண்டி நிற்கும் நமது சமூகம், தன் கைத்தொலைபேசியின் வாசலை மட்டும் அகலத் திறந்து வைத்திருப்பது முரண்பாடன்றோ?

இது தனியொருவரின் விருப்பு வெறுப்புச் சார்ந்த விடயமுமன்று. பேஸ்புக் பயனாளர் 8 கோடி 70 இலட்சம் பேர் வரையிலானோரின் விபரங்கள் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்னும் அரசியல் ஆலோசனை நிறுவனத்திடம் சென்றடைந்தமை 2018இல் அம்பலமாயிற்று. அவர்களுட் பெரும்பாலோர் அவ்விபரங்களைத் திரட்டிய செயலியைத் தொட்டவர்களே அல்லர், தொட்டவர்களின் நண்பர்கள். ஒருவனின் அலட்சியம் அவன் அயலவனையும் காட்டிக்கொடுக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

“வேறு வழியில்லை” என்பது அடுத்த சாட்டு. மருதமுனை நெசவாளி பாவின் நிறத்தையும் கரையின் அகலத்தையும் தானே தீர்மானிக்கின்றான். தறியைப் பிரித்துப் பார்க்கலாகாது என எவரும் அவனைத் தடுத்ததில்லை. மூலநிரல் திறந்த மென்பொருளும் அத்தகையதே. எவரும் ஆராயலாம், தேவைக்கேற்ப மாற்றலாம். 2004 டிசம்பர் 26இல் கடற்கோள் மருதமுனை உள்ளிட்ட இக்கரையோரத்தைச் சிதைத்தபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிவுசெய்ய இலங்கை நிரலாளர்கள் தொண்டாக ஆக்கிய ‘சஹானா’ இவ்வகைப்பட்டதே. மூலநிரல் திறந்திருந்தமையால், 2005இல் பாகிஸ்தானிலும் 2010இல் ஹெயிட்டியிலும் நிலநடுக்கங்களின்போது அது கைகொடுத்தது. நம்மவரால் இயலாது என்போர் இவ்வரலாற்றை அறியாதோரே.

வட்ஸ்அப் செய்திகளும் மறையாக்கப்பட்டவைதாமே என்பர். உண்மை. ஆயின் எக்கருவியில், எந்நேரம், எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்பன போன்ற விபரங்கள் விளம்பரத்தால் வாழும் கம்பனியிடம் சேர்கின்றன. இலாபநோக்கற்ற அமைப்பொன்று நடத்தும் சிக்னலோ அத்தகைய விபரங்களை இயன்றவரை திரட்டுவதில்லை. பயர்பொக்ஸும் லிப்ரே ஒபிஸும் தமிழ் இடைமுகத்துடனேயே விலையின்றிக் கிடைக்கின்றன.

தனிப்பட்ட தரவுகளைக் காக்க 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. வாசலை நாமே திறந்துவிட்டுச் சட்டத்தைக் காவலுக்கு அழைப்பது அறிவுடைமையாகாது. விலையின்றிக் கிடைப்பவை அனைத்தும் ஒன்றல்ல. ஒன்று நம்மையே விலைப்பொருளாக்குவது. மற்றையது பொதுச்சொத்தாக நம் கையில் ஒப்படைக்கப்பட்டது. இவ்விரண்டையும் பகுத்தறிந்து, கற்ற பின்னதைத் தம் வீட்டாருக்கும் ஊராருக்கும் கற்பிப்பது பல்கலைக்கழக மாணவர் ஒவ்வொருவரதும் கடனாகும்.