மெல்லலையும் பயனுடைத்து

கணிப்பொறி பேச, மனிதன் வாளாவிருப்பதோ எனப் பொழுதுபோக்கு வானொலி பயிலும் அன்பர் சிலர் குறைகூறுவர். 2017-இல் வெளிவந்த எப்.டி.8 என்னும் முறையே அவர்தம் சினத்துக்கு இலக்காவது. அம்முறையில் இருவர் 15 விநாடிக்கொருமுறை மாறி மாறி அழைப்புக்குறி, இருப்பிடம், கேட்ட அலையின் வலிமை ஆகியவற்றையே அறிவித்துக்கொள்வர். உரையாடல் இல்லையென்பது மெய்யே.

ஆயினும் அதன் பயன் சிறிதன்று. குரலை அனுப்ப ஏறத்தாழ 2500 ஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். இதற்கோ 50 ஹெர்ட்ஸ் போதும். செய்தி 77 பிட்டுகளில் அடங்குதலானும், பிழை திருத்தும் குறிகள் உடன்செல்லுதலானும், இரைச்சலில் மூழ்கிச் செவிக்குப் புலனாகாத அலையையும் கணிப்பொறி படித்துவிடும். ஆதலின், சில வாட் ஆற்றலும் ஒரு நீண்ட கம்பியுமே உடையாரும் கடல்கடந்து தொடர்பு கொள்வர். உயர்ந்த கோபுரம் நாட்டப் பொருளில்லாத மாணாக்கர்க்கு இதனினும் சிறந்த வாயில் யாது?

இம்முறையை வகுத்த இருவருள் ஒருவரான ஜோசப் டெய்லர், விண்மீன்களின் நலிந்த துடிப்பை ஆராய்ந்து 1993-இல் பௌதிகத்துக்குரிய நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். மெலிந்ததைக் கேட்கும் கலை விளையாட்டன்று என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

பேச விழைவார் பேசுக. வறியவன் குரலையும் எட்டச்செய்யும் கருவியை இகழாதிருப்பாராக.