பாவும் ஊடையும்

அண்மையில் மருதமுனைப் பாடசாலையொன்றில் ஒரு நாளைக் கழிக்க நேர்ந்தது. கைத்தறிக்குப் பேர்போன ஊர் அது. ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை நெசவு பற்றி வினவினேன். வாப்பா பாவு விரிப்பதையும் உம்மா நூல் சுற்றுவதையும் தடையின்றி விளக்கினாள். நீர் ஆவியாதல் பற்றிக் கேட்டபோதோ, ஆங்கிலத்தில் மனனஞ் செய்த இரு வாக்கியங்களோடு நின்றுவிட்டாள். தமிழிற் கேட்டேன், கடற்கரையிற் கருவாடு காய்வதைக் காட்டித் தெளிவுறுத்தினாள்.

மொரோக்கோ நாடு என் நினைவுக்கு வந்தது. அங்கே வீட்டு மொழி தாரிஜா என்னும் பேச்சரபு, அல்லது அமாசிக்; பள்ளியில் எழுதுவது இலக்கிய அரபு. 1956இல் விடுதலை பெற்றபின் பள்ளிக் கல்வி படிப்படியாக அரபு மொழிக்கு மாறிற்று. பல்கலைக்கழக விஞ்ஞானமோ பிரெஞ்சிலேயே நின்றது. அரபிற் கற்று வந்தவர் அவ்வாயிலிலே தடுமாறினர். 2019ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் பள்ளியிலும் விஞ்ஞானத்தைப் பிறமொழியிற் கற்பிக்க வழிதிறந்தது. சுமை இடம் மாறிற்றேயன்றி நீங்கவில்லை.

கல்முனைக் கரையோர முஸ்லிம் ஊர்களின் பேறு வேறு. ஓதுவது அரபாயினும், உம்மா தாலாட்டுவதும் ஆசிரியர் பாடஞ் சொல்வதும் தமிழே. சீறாப்புராணம் பிறந்த மொழியன்றோ அது!

2001 தொட்டு இந்நாட்டில் சில பாடங்கள் ஆங்கிலத்திலும் கற்பிக்கப்படுகின்றன. ஆங்கிலம் வேண்டும், உயர்கல்விக்கு அது இன்றியமையாதது. அதனை நன்கு கற்பிக்கத் தேர்ந்த ஆசிரியரைத் தேடுவோம். தமிழில் விளங்கிக்கொள்ளும் முன்னரே பிள்ளையை ஆங்கிலத்தில் ஒப்புவிக்கச் செய்வது மட்டும் வேண்டாம். பாவு விரியாத தறியில் ஊடை ஓட்டுவார் உண்டோ? அச்சிறுமியின் வாப்பா அறிந்த செய்தி இது.