மேகமும் வானசாஸ்திரமும்

1761 ஜூன் 6-ஆம் நாள் சூரியவட்டத்தைச் சுக்கிரன் கடக்கும் அபூர்வக் காட்சியை அளந்து, பூமிக்கும் சூரியனுக்கும் இடையேயுள்ள தூரத்தை நிர்ணயிக்கும் பொருட்டு, 1760-இல் பிரான்சிலிருந்து புதுச்சேரி நோக்கிக் கப்பலேறிய லெ ஜென்டீல் என்னும் வானசாஸ்திரி, அந்நகர் ஆங்கிலேயர் வசமாகிவிட்டமையால் கரையிறங்க வழியின்றி, ஆடும் கப்பல்மீது நின்று அளவைக்கு உதவாத காட்சியையே பெற்றார். எட்டாண்டுகள் காத்திருந்து, அடுத்த கடப்பைக் காண 1769-இல் புதுச்சேரியிலேயே கருவிகளுடன் ஆயத்தமாயிருந்தபோதோ, உரிய வேளையில் மேகம் சூரியனை மூடிற்று.

ஆயினும் அவர் பிரயாணம் வியர்த்தமாகவில்லை. பலகறைகளை வைத்தே கிரகணங்களைக் கணித்த தமிழரின் முறையைப் புதுச்சேரியில் கற்று, அதனை ஐரோப்பிய அறிஞர்க்கு எழுத்தில் அளித்தார்.

சிவனொளிபாதமலை அடிவாரத்தில், மழையும் மூடுபனியும் மிகுந்த நல்லதண்ணியில் வாழும் நமக்கு இச்சரித்திரம் ஒரு படிப்பினை தருகிறது: வானம் தெளியாத ஊருக்கு வானசாஸ்திரம் எதற்கு என்று தோட்டப் பிள்ளைகளுக்குக் கதவடைப்பது நியாயமன்று. கணிதமும் பொறுமையுமே அச்சாஸ்திரத்தின் மூலதனம். அவற்றை எந்த மேகமும் மறைப்பதில்லை. ஆதலால் ஒவ்வொரு தோட்டப் பாடசாலைக்கும் ஒரு சிறு தொலைநோக்கியையும், அதனைக் கையாளப் பயின்ற ஆசிரியரையும் அளிப்பது கல்வி அமைச்சின் கடமையாகும். சுக்கிரனின் அடுத்த கடப்பு 2117-இல்தான். கிரகணங்களோ அதற்கு முன்னரே பல வரும். அவற்றைக் கணிக்கவும் காணவும் நம் பிள்ளைகள் இப்போதே பயிலவேண்டும்.