பொம்மைக்குப் பேச்சு கொடுத்தது யார்?

அண்ணன் ஒருவன்; தம்பி ஒருவன். இருவரும் சின்னஞ் சிறுவர்கள். நடு இரவில் வீட்டை விட்டு நழுவி வெளியே வருகிறார்கள்.

எதற்குத் தெரியுமா? நிலாப் பறவையைப் பிடிக்க!

1959-ம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த "மூன்பேர்டு" என்ற கார்ட்டூன் படத்தின் கதை இது. அந்த ஆண்டின் சிறந்த கார்ட்டூன் குறும்படம் என்று ஆஸ்கார் பரிசும் பெற்றது.

இந்தப் படத்துக்கு வசனம் எழுதியவர் யார்?

யாரும் இல்லை!

படத்தை எடுத்தவர்கள் ஜான் ஹப்ளி, அவருடைய மனைவி பெய்த் ஹப்ளி. இவர்கள் தங்கள் மகன்கள் இருவரையும் விளையாட விட்டார்கள். பிள்ளைகள் பேசிய பேச்சை ஒலிப்பதிவு செய்தார்கள். பிறகு அந்தப் பேச்சுக்கு ஏற்றபடி படம் வரைந்தார்கள்.

முதலில் பேச்சு, பிறகுதான் படம்.

இன்று அனிமேஷன் கலை பயிலும் மாணவ-மாணவிகளுக்கும் இது நல்ல வழி. நண்பர்களை நடிக்கச் சொல்கிறார்கள். அதைப் பதிவு செய்து, அதிலிருந்து படம் தயாரிக்கிறார்கள்.

ஆனால், இப்போது ஒரு புதிய கேள்வி கிளம்பி இருக்கிறது. இன்று கம்ப்யூட்டரே பேசுகிறது, படமும் வரைகிறது. அப்படி இருக்க, நடிக்க ஆள் எதற்கு? நடித்தவருக்கு அதில் என்ன உரிமை?

வாயில் வந்த வசனம்

எழுதி வைத்ததை ஒப்பிப்பது ஒரு வகை நடிப்பு. அந்த நேரத்தில் தோன்றுவதைப் பேசி நடிப்பது மற்றொரு வகை.

இரண்டாவது வகை நமக்குப் புதிது அல்ல. தெருக்கூத்தில் கட்டியங்காரன் வருகிறான். எதிரே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கிறான். அன்றைக்கு ஊரில் நடந்ததை எடுத்து விடுகிறான். கூட்டம் சிரிக்கிறது. அவன் கையில் ஏடு ஏது?

எழுதிய வசனம் ஒழுங்காக இருக்கும். மனிதர்கள் அப்படியா பேசுகிறார்கள்? பாதியில் நிறுத்துகிறார்கள். "அது வந்து..." என்று இழுக்கிறார்கள். ஒருவர் முடிப்பதற்குள் மற்றவர் குறுக்கிடுகிறார்.

இந்தத் தடுமாற்றத்தில்தான் ஒருவருடைய குணம் தெரிகிறது. மேஜை முன் உட்கார்ந்து எழுதினால் இது எளிதில் வராது.

குழிக்குள் இருவர்

1962-ல் ஹப்ளி தம்பதிகள் "தி ஹோல்" என்ற படத்தை எடுத்தார்கள். நியூயார்க் நகரத் தெருவுக்கு அடியில் இரண்டு தொழிலாளிகள் வேலை செய்கிறார்கள். சும்மா பேச்சுக் கொடுக்கிறார்கள். விபத்து எப்படி நேருகிறது என்று பேச்சு வளர்கிறது. அணுகுண்டு தவறி வெடித்தால் என்ன ஆகும் என்பதில் போய் முடிகிறது.

இதில் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் ஊதுகுழல் இசை மேதை டிஸ்ஸி கில்லெஸ்பி. மற்றவர் நடிகர் ஜார்ஜ் மாத்யூஸ். இருவரும் தங்களுக்குத் தோன்றியபடி பேசினார்கள். இந்தப் படமும் ஆஸ்கார் பரிசு பெற்றது. ஹப்ளி தம்பதிகள் பின்னாளில் ஏல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு இந்தக் கலையைக் கற்றுக் கொடுத்தார்கள்.

இங்கிலாந்தில் நிக் பார்க் என்பவர் நடிகர்களைக்கூடத் தேடவில்லை. சாதாரண மக்களிடம் போய்ப் பேச்சுக் கொடுத்தார். அவர்கள் சொன்னதை மிருகக்காட்சி சாலையில் உள்ள களிமண் மிருகங்கள் பேசுவதுபோல் படம் எடுத்தார். இதுதான் 1989-ல் வந்த "கிரியேச்சர் கம்பர்ட்ஸ்".

பிரேசில் நாட்டிலிருந்து வந்து தங்கி இருந்த ஒருவர், இங்கிலாந்தின் குளிரைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் குறை சொன்னார். படத்தில் அது கூண்டு மிருகத்தின் புலம்பல் ஆகிவிட்டது!

நிக் பார்க் மாணவராக இருந்தபோது தொடங்கிய இன்னொரு படமும் இதனுடன் ஒரே ஆஸ்கார் போட்டியில் நின்றது. பரிசு கிடைத்தது இந்தப் பேச்சுப் படத்துக்குத்தான்!

மாணவர்கள் செய்வது எப்படி?

இரண்டு நண்பர்களை அழைக்க வேண்டும். வசனம் கொடுக்கக் கூடாது. சூழ்நிலையை மட்டும் சொல்ல வேண்டும்.

"பஸ்சில் ஒரே ஒரு இடம்தான் காலி. இருவருக்கும் கால் வலி. பேசிப் பாருங்கள்." இவ்வளவு போதும்.

குரலையும் உடல் அசைவையும் பதிவு செய்ய வேண்டும். செல்போனே போதும். ஒரு மணி நேரம் நடித்தால் அதில் 10 வினாடி நன்றாக அமையலாம். அந்த 10 வினாடியைத்தான் பொறுக்கி எடுக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு சிக்கனம்? கணக்கைப் பாருங்கள். சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரு சித்திரத்தை இரண்டு தடவை காட்டினாலும் வினாடிக்கு 12 சித்திரம் தேவை. ஒரு நிமிடத்துக்கு 720 சித்திரம்!

வரையும்போது ஓர் எச்சரிக்கை. நடித்ததை அப்படியே நகல் எடுக்கக் கூடாது.

நகல் எடுப்பதற்கே ஒரு கருவி உண்டு. மாக்ஸ் பிளெய்ஷர் கண்டுபிடித்தார். 1917-ல் காப்புரிமை பெற்றார். அவருடைய தம்பி டேவ் கோமாளி உடையில் நடிக்க, அதன்மேல் கோடு போட்டு கோமாளிச் சித்திரம் செய்தார்கள்.

1937-ல் வந்த "ஸ்நோ ஒயிட்" படத்துக்கும் நடிகர்களை நடிக்க வைத்துப் படம் பிடித்தார்கள். டோப்பி என்ற பேசாத குள்ளனுக்கு நடித்துக் காட்டியவர் எட்டி காலின்ஸ் என்ற சிரிப்பு நடிகர். ஆனால், நடிப்பின் மேல் வெறுமனே கோடு போட்டால் சித்திரம் உயிரில்லாமல் இருப்பதை ஓவியர்கள் கண்டார்கள். நடிப்பின் சாரத்தை எடுத்துக்கொண்டு, அதைச் சற்று மிகைப்படுத்தி வரைந்தார்கள். உயிர் வந்தது.

பூதம் சொல்லும் பாடம்

சரி, அந்த உயிர் யாருடையது?

1992-ல் வந்த டிஸ்னி படம் "அலாவுதீன்". அதில் விளக்குப் பூதத்துக்குக் குரல் கொடுத்தவர் ராபின் வில்லியம்ஸ். மனம்போனபடி பேசித் தள்ளினார். ஒலிப்பதிவு சுமார் 16 மணி நேரம்! ஓவியர்கள் அதிலிருந்து தேர்ந்தெடுத்து வரைந்தார்கள்.

அவர் குறைந்த சம்பளத்துக்கே ஒப்புக்கொண்டார். ஆனால், தமது குரலை வைத்துப் பொருள்கள் விற்கக்கூடாது என்று நிபந்தனை போட்டார். அந்த நிபந்தனை மீறப்பட்டது என்று பின்னர் குறை கூறினார். மனக்கசப்பு வளர்ந்தது. 1994-ல் டிஸ்னி பகிரங்கமாக வருத்தம் தெரிவித்த பிறகே சமாதானம் ஏற்பட்டது.

வில்லியம்ஸ் 2014-ல் காலமானார். 2023-ல் டிஸ்னி தன் நூற்றாண்டுக் குறும்படத்தில் பூதத்தை மீண்டும் காட்டியது. வில்லியம்ஸ் பேசி, பயன்படுத்தாமல் வைத்திருந்த பழைய ஒலிப்பதிவை அதற்கு எடுத்துக்கொண்டது. அதற்கு அவர் சார்பில் உரிமை பெற்றவர்களின் அனுமதியும் பெறப்பட்டது.

இதுதான் முறை.

இன்று ஒருவர் குரலைச் சிறிது நேரம் கேட்டாலே கம்ப்யூட்டர் அதே குரலில் பேசுகிறது. அவர் சொல்லாததையும் சொல்கிறது! ஆகவேதான் அமெரிக்காவில் வீடியோ விளையாட்டுகளுக்குக் குரலும் உடல் அசைவும் கொடுக்கும் நடிகர்கள் 2024 ஜூலை 26-ந்தேதி வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அது சுமார் 11 மாதம் நீடித்தது. 2025 ஜூலையில் புதிய ஒப்பந்தத்துக்கு நடிகர்கள் ஒப்புதல் அளித்தார்கள். நடிகரின் நகலைக் கம்ப்யூட்டரில் உருவாக்க, அவருடைய சம்மதம் வேண்டும் என்பது அதில் ஒரு முக்கிய அம்சம்.

கேட்டுவிட்டுச் செய்யுங்கள்

மாணவர்களுக்கும் இது பொருந்தும். சிநேகிதன்தானே, தங்கைதானே என்று எண்ணக் கூடாது.

பதிவு செய்யும் முன்பே கேட்க வேண்டும். எதற்காக என்று சொல்ல வேண்டும். சிறு பிள்ளை என்றால் பெற்றோரையும் கேட்க வேண்டும். படம் முடிந்ததும் நடித்தவரிடம் முதலில் காட்ட வேண்டும். படத்தில் அவர் பெயரைப் போட வேண்டும். அந்தக் குரலை வேறு படத்துக்கோ, கம்ப்யூட்டருக்கோ கொடுப்பதாக இருந்தால் மறுபடியும் கேட்க வேண்டும்.

இனி, நடிக்க ஆள் எதற்கு என்ற கேள்வி.

நிலாப் பறவையைத் தேடிய அந்தச் சிறுவர்கள் அன்று என்ன பேசுவார்கள் என்று பெற்றோருக்கே தெரியாது. அதனால்தான் அந்தப் படம் பரிசு பெற்றது. எந்த இயந்திரத்திடமும் கேட்டு வாங்க முடியாத சரக்கு அது. உங்கள் வீட்டுத் திண்ணையில் இலவசமாகக் கிடைக்கிறது.

இலவசமாகக் கிடைப்பதற்கும் நன்றி சொல்ல வேண்டும், அல்லவா?